அக்கா கொடுத்த மூன்றாவது டின் எண்ணெய்

அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா சுங்கை பினாங்கில் பிறந்தார். எங்கள் தாயார் சீக்கிரமே தவறிவிட்டதால் என்னை வளர்த்தவரும் அவரே. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அத்தானை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் என் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்குத் திருமணமாகி ஏழு மாதம். கடிதம் எதுவும் வரவில்லை. அக்கா வந்து என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அப்போது ஊரில் குளிக்கவோ துணி துவைக்கவோ சவர்க்காரமே கிடையாது. பிள்ளைகளின் உடம்பெல்லாம் சிரங்கு. ஒரு நாள் எண்ணெய்ச் சட்டியைச் சாம்பலும் வெந்நீரும் விட்டுத் தேய்த்தபோது இலேசாக நுரை வந்தது. தேங்காய் மட்டைச் சாம்பலை ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை எண்ணெயோடு காய்ச்சினால் சவர்க்காரம் வரும் என்று எனக்குத் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன்.

“மொதல்ல எவ்வளவு வீணாவும்?” என்று கேட்டார்.

“தெரியலக்கா. ரெண்டு டின் எண்ணெய் போனாலும் போவும்.”

“சரி, ரெண்டு டின் போனதாவே வச்சுக்குவோம்.”

இரண்டும் போயின. இரண்டு முறையும் கஞ்சியாகவே நின்றது. அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இருக்கிற எண்ணெயெல்லாம் கொட்டி வெளையாடுறீங்களா? பிள்ளைங்க வெறும் மரவள்ளிக்கிழங்கத் தின்னுதுங்கலா!”

அவர் சொன்னதில் தப்பில்லை. அக்கா பெட்டியைத் திறந்து தம் கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போனார். துணிக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த காலம் அது. திரும்பி வந்தபோது கையில் மூன்றாவது டின் இருந்தது.

“இதுவும் கஞ்சியாப் போச்சுன்னா?” என்றேன்.

“கஞ்சியிலயே துணி தொவைப்போம். நீ அடுப்ப மூட்டு.”

இம்முறை கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பைக் கரைத்து ஊற்றினேன். மேலே தயிர்போலத் திரண்டது. பலகைப் பெட்டியில் ஊற்றி, இறுகியதும் நூலால் அறுத்தோம். பிள்ளைகளுக்குப் போடுமுன் அக்கா தம் கையில் தேய்த்துப் பார்த்தார். தோல் சிவந்து எரிந்தது. சாம்பல் தண்ணீரின் காரத்தைக் குறைத்துக் காய்ச்சிய அடுத்த கட்டியையும் தம் கையில்தான் தேய்த்தார். பிறகு அத்தானே அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அரிசிக்கும் கருவாட்டுக்கும் மாற்றி வந்தார்.

போர் முடிந்தது. என் கணவர் வரவில்லை. கப்பலில் சவர்க்காரம் வந்து இறங்கியதும் எங்கள் கட்டியை யாரும் சீண்டவில்லை. சலவைத் தூள் செய்து பார்க்கலாமா என்றேன். எவ்வளவு வீணாகும் என்று அக்கா மறுபடியும் கேட்டார். பிறை என்ற ஊரில் இன்றிருக்கும் எங்கள் தொழிற்கூடம் அப்படி வந்ததுதான்.

புதிதாகத் தொழில் தொடங்கும் யோசனையோடு வந்த எவரையும் “இது நடக்குமா?” என்று அவர் கேட்டதில்லை. முதலில் வீணாகப் போவதைத் தாம் ஏற்றுக்கொள்வார். அதனால் தோற்றவர்களும் அவர் வீட்டுக்குத் தயங்காமல் வந்தார்கள்.

கடைசி நாள்களில் மருத்துவமனையில் அவரிடம் கேட்டேன். “அன்னிக்கு என்னை எப்படிக்கா நம்புன?”

“சவக்காரம் வரும்னு யாரு நம்புனா? ஒன் வீட்டுக்காரரக் கொண்டுபோனப்புறம் மாசக்கணக்கா நீ வாயே தொறக்கல. அன்னிக்குத்தான் ஒண்ணு வேணும்னு கேட்ட. எப்படிலா இல்லன்னு சொல்றது?”

நான்கு நாள் கழித்து அக்கா காலமானார்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய அண்டை வீட்டாருக்கும், வேலையை நிறுத்திவிட்டுப் பிறையிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று என்னை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நன்றி. இப்போதைக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றினால் கேட்கிறேன்.