பிரேக் மிதிக்காத மாமியார்

என் மாமியார் விமானம் ஓட்டுகிறவர். இதைச் சொன்னால் எல்லோரும் "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். பிளக்கட்டும். விமான நிலைய வேலியை ஒட்டிக் குடியிருப்பது நான்தானே, அவர்களா? அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையை எந்த மாமியாராவது பத்தொன்பது பயணிகளோடு வந்து எழுப்பிவிட்டுப் போகிறாரா?

எனக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. ஊர் எழுந்திருக்கும் முன்னே போய், மாவு பிசைந்து, நெருப்போடு மல்லுக்கட்டிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அப்பாடா என்று உடம்பைக் கீழே போட வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அத்தையின் விமானம் வரும். தரையிறங்குகிற சத்தம் பரவாயில்லை, அது எங்கோ தூரத்தில் கேட்கும். இறங்கிய பிறகு ஓடுபாதையை விட்டுத் திரும்பி நிலையக் கட்டடத்தை நோக்கி ஊர்ந்து வருகிறதே, அந்த வழி எங்கள் சமையலறைக்குப் பின்னால் சரிவாக இறங்கி வளைகிறது. அந்த வளைவில் வைத்து ஒரு கத்தல் கத்தும் பாருங்கள், காது கிழிந்துவிடும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். குழந்தை வீறிட்டு அழும். மற்ற விமானிகளும் அதே வளைவில்தான் திரும்புகிறார்கள். அவர்கள் முனகிக்கொண்டு போய்விடுவார்கள். அத்தைக்கு மட்டும்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

காரணம், அத்தை பிரேக் மிதிக்க மாட்டார். விமான நிலையத்தில் அவருக்குப் பெயரே 'பிரேக் மிதிக்காத அம்மா'தான். பிரேக்கைத் தொடாமல், இறக்கையில் சுழலும் காற்றாடிகளை மட்டும் வைத்து விமானத்தைப் புள்ளி மேல் கொண்டுபோய் நிறுத்துவார். பயணிகள் மடியில் இருக்கிற குவளையில் தண்ணீர் தளும்பாது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

பயணச்சீட்டு கவுன்ட்டரில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாராம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகிற விமானங்களைப் பார்த்துப் பார்த்து, 'இதை நாம் ஓட்டினால் என்ன?' என்று தோன்றியிருக்கிறது. தோன்றியதைச் செய்யாமல் விடுகிற ஆளில்லை. என் மனைவி தவழ்கிற வயதிலேயே மாமனார் காலமாகிவிட்டார். பக்கத்து வீட்டு டீச்சரிடம் குழந்தையை விட்டுவிட்டு, அத்தை பறந்துகொண்டே இருந்தார். எங்கள் கல்யாணம் ஆனதும் வீட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் எதிர் மாடிக்குப் போய்விட்டார். மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேத்தி பிறந்ததும் அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. மத்தியானம் விமானத்தை நிறுத்தியதும் சீருடையோடு ஓட்டமாக வருவார். கையைக் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்குவார். அடுத்த பயணத்துக்குக் கூப்பிடும் வரை கீழே விடமாட்டார். பத்து விரலையும் தினமும் புதிதாக எண்ணுவார். "எழுப்பிவிட்டதே நீங்கதானே, நீங்களே தூங்க வைங்க" என்று நான் முணுமுணுப்பேன். காதிலேயே விழாத மாதிரி இருந்துவிடுவார்.

ஆனால் என் மனைவியின் நிலைமை நாளுக்கு நாள் மோசமானது. ராத்திரி குழந்தை விடாது. பகலில் படுத்தாலும் கண் மூடாது. கண் குழிந்து, முகம் வெளிறி, பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு எதிரே நின்றபடியே பொங்கவிட்டாள். டாக்டரம்மா என்னைத்தான் பிடித்துக் காய்ச்சினார்: "மத்தியானமாவது அவளைத் தூங்க விடுங்க. இப்படியே போனா படுத்த படுக்கையாயிடுவா."

ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்தேன். அன்று மத்தியானமே அத்தையிடம் பட்டென்று சொல்லிவிட்டேன்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வீடு மாத்தப் போறோம். உங்க பொண்ணு தூங்கணும்."

அத்தை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. அந்தக் கோடி வீட்டுக்கு இடைவேளையில் போய்த் திரும்ப முடியாது. விரல் எண்ணுவது அன்றோடு சரி. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வீட்டை மாத்தாதீங்க மாப்பிள்ளை. நான் ஓட்டுறதை மாத்திக்கிறேன். இந்த வாரக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கோங்க."

"அப்படி ஏன்தான் கத்துது அது?" என்றேன் எரிச்சலாக.

அவர் மேலே காட்டினார். "அதோ ஃபேன் சுத்துதே, றெக்கை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, தெரியுதா? அதனாலதான் காத்து வருது. அதைத் தட்டி நிமிர்த்திட்டா என்ன ஆகும்?"

"கடைக்காரன் ரிப்பேருக்கு எடுத்துக்க மாட்டான்."

"சுத்தும், ஆனா காத்து வராது. என் காத்தாடியில அந்தச் சாய்வை நான் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே லீவரால மாத்தலாம். முன்னாடி தள்ளினா றெக்கை சாயும், காத்தைக் கடிக்கும், விமானம் ஓடும். பின்னாடி இழுத்தா தட்டையாயிடும், ஓட்டம் குறையும். இன்னும் இழுத்தா எதிர்ப்பக்கம் சாய்ஞ்சு பின்னுக்குத் தள்ளும். அதுதான் எனக்கு பிரேக்."

"அது சரி, சத்தம்?"

"இந்த லீவரை இழுத்தா சுத்துற வேகம் மட்டும் குறையறதில்ல. அதே வேகத்துல சுத்திக்கிட்டு காத்தைக் கடிக்காம நின்னா கீச்சுன்னு கத்தும். கடிக்கும்போது வெறுமனே உறுமும்."

"அப்ப அந்தக் கத்தல் கத்தும்போது வேகமா போகலையா நீங்க?"

"கத்தும்போதுதான் மெதுவா போறேன், மாப்பிள்ளை."

எனக்கு என் பேக்கரி முதலாளி நினைவுக்கு வந்தார்.

மறுநாள் அத்தை வளைவில் லீவரைப் பின்னால் இழுக்காமல் விட்டுப் பார்த்தார். முதலில் கத்தல் இல்லைதான். ஆனால் சரிவில் விமானம் தலைகால் தெரியாமல் ஓட ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அத்தை லீவரையும் இழுத்து, பிரேக்கிலும் கால் வைத்தார். கத்தலும் திரும்பி வந்தது. மூக்கு குபுக்கென்று குனிந்தது. துணை விமானியின் காபி அவர் வெள்ளைச் சட்டையிலேயே இறங்கியது. "அம்மா பிரேக் மிதிச்சுட்டாங்க!" என்று விமான நிலையமே பேசியது. அத்தையின் முகம் தொங்கிப்போய்விட்டது.

அதற்கடுத்த நாள் ஓடுபாதையிலேயே வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அங்கிருந்து ஆமை மாதிரி வந்தார். பின்னால் இன்னொரு விமானம் காத்துக்கிடந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, "என்ன மேடம், இறங்கித் தள்ளிட்டு வரீங்களா?" என்று கேட்டார்களாம். அப்படி வந்தும் வளைவில் கொஞ்சம் கத்தியது. குழந்தை பாதி அழுதது.

வாரக் கடைசி. அன்றைக்கும் சரிப்படவில்லை என்றால் வீடு மாற்றுவது உறுதி. குழந்தை தொட்டிலில் தூங்கியது, மனைவி உள்ளறையில் படுத்திருந்தாள். நான் சமையலறை ஜன்னலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் விமானம் இறங்கியது, திரும்பியது. சுற்றும் வேகத்தைக் குறைக்கிற இன்னொரு லீவரையும் அத்தை அன்று இழுத்திருந்தார் என்று பிறகு சொன்னார். றெக்கை காற்றைக் கொஞ்சமாகக் கடித்தபடி இருக்க, பிரேக்கை விட்டு விட்டு, பூப்போல மிதித்தபடி வந்தாராம். வளைவு வந்தது. மெல்லிய உறுமல், அவ்வளவுதான். அடடா! டம்ளர்கள் அசையவில்லை. என் மாமியார் ஜன்னலுக்கு நேரே, எட்டுக் கல்யாணம் செய்துவைத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் போனார். குழந்தை புரளக்கூட இல்லை.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மனைவி நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்க அடிமேல் அடிவைத்து உள்ளே போனேன்.

படுக்கை காலி. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். செருப்புகூட இல்லாமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளைவு வெறிச்சென்று இருந்தது. அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நேரம் ஆயிடுச்சுங்க. அம்மா இன்னும் வரலைங்க."

"வந்தாச்சும்மா. இப்பதான் போனாங்க, நான் பார்த்தேன்."

"பொய் சொல்லாதீங்க. வந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அத்தை சாலை முனையில் தெரிந்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"எப்படி மாப்பிள்ளை? பூனை மாதிரி வந்தேனா இல்லையா?"

என் மனைவி பாய்ந்துபோய் அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏம்மா சத்தம் போடாம வந்தே? சின்ன வயசுல ஒருநாள் மழையில நீ வேற ஊர்ல இறங்கிட்டே. ராத்திரி பூரா டீச்சர் வீட்டுப் படியில உட்கார்ந்திருந்தேன். அன்னையிலேர்ந்து அந்த வளைவுல நீ கத்தின பிறகுதாம்மா எனக்குச் சோறே இறங்கும். இப்பவும் அதுக்குத்தான் படுத்துக்கிட்டே காத்துக்கிட்டிருக்கேன். கேட்டா கண்ணை இழுத்துக்கிட்டுப் போகும். அதுக்குள்ள இவ எழுந்து அழுறா, நான் என்ன பண்ணுவேன்?"

அத்தை மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதே கண்ணு," என்றார். "பிரேக் மிதிக்க மாட்டேங்கிற திமிர்லதான் அப்படிக் கத்த வெச்சேன். உனக்காகன்னு ஒருநாள்கூட நினைக்கலையே!" சொல்லிவிட்டு அவரும் அழுதார். சீருடையில் ஒரு கேப்டன் நடுத்தெருவில் நின்று அழுவதை நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கோடி வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆக, யாருடைய மத்தியானத் தூக்கம் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை பழையபடியே கத்தவிட ஆரம்பித்துவிட்டார். இப்போது விமானம் இறங்கும் முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போய்விடுகிறேன். குழந்தைக்குத் தூக்கத்தில் கேட்டால்தான் பயம் போலிருக்கிறது. தோளில் உட்கார்ந்து நேரில் பார்த்தால் பெரிய மனுஷி மாதிரி முறைக்கிறாள். நேற்று அத்தை லீவரை முழுசாகப் பின்னால் இழுத்தார். வளைவே அதிர்ந்தது. என் காது அடைத்துப்போனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் எட்டிப் பார்த்தேன். வெளியே அத்தையின் கத்தல் இன்னும் அடங்கவில்லை. என் மனைவி தூங்கிவிட்டிருந்தாள்.