விழுந்ததை எடுக்காதே

தாயில்பட்டி வள்ளித்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலை. அந்த அறைக்கு நாலு பக்கமும் வாசல். கையிலிருந்து எது நழுவினாலும் குனியக் கூடாது, கிட்டத்தில் இருக்கும் வாசல் வழியே ஓடிவிட வேண்டும். அவள் கணவன் கோட்டைச்சாமி ஒருநாள் குனிந்தான், நிமிரவில்லை. அதற்குப் பிறகு மகன் செழியன் சோற்றுத் தட்டைத் தவறவிட்டால்கூட, "ஓடுலே!" என்றுதான் அவள் வாயில் வரும்.

அந்தச் செழியன்தான் பாங்காக்கில், பல நாட்டுப் பையன்கள் மோதும் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டியில் இந்தியாவுக்கு ஆடினான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு இசைவாணியின் செல்போனில் வள்ளித்தாய் ஆட்டத்தைப் பார்த்தாள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இது என்ன கூத்தோ!

திடீரென்று எதிரணிக்காரன் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. ஒருத்தனும் விலகி ஓடவில்லை. அத்தனை பேரும் அதை நோக்கியே பாய்ந்தார்கள். முதலில் குப்புற விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்தவன் செழியன். அவன்மேல் ஆள்மேல் ஆளாகச் சரிந்தார்கள்.

"ஓடுலே!" என்று அலறிய வள்ளித்தாய், தானே வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

"யக்கா, பந்து நம்ம பயகிட்டதான் இருக்கு, வாங்க!" என்று இசைவாணி கூப்பிட்டாள்.

சாயங்காலம் செழியன் போன் செய்தான். "எம்மா, பாத்தியா?"

"பாத்தேன். விழுந்தத ஏம்லே போய் எடுத்த?"

அவன் சிரித்தான். "அது வெடிக்காதும்மா."

"அப்பிடிச் சொல்லிட்டுத்தாம்லே ஒங்கப்பா குனிஞ்சாரு."