கொளுக்கியும் ஏழு வயரும்

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்று, இந்த இத்தாலிய நகரத்தின் லிபெர்த்தாத் தெருவில் நான் பாத்திரம் கழுவி வேலை செய்த வீட்டுச் சின்யோராவிடம் சொல்லிவிட்டேன். அவசரப் புத்தி. இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களின் கலியாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பதையே தொழிலாக்குவது என் எண்ணம். முதல் கலியாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான பகேரியாவில். கிடாரங்களையும் காஸ் அடுப்புகளையும் ஏற்ற ஒரு சின்ன ட்ரெயிலர் வாங்கியாயிற்று. அதை இழுக்க எங்கள் பழைய காரில் கொளுக்கி இல்லை. கொளுக்கி பூட்டி, விளக்குகளுக்கு வயர் இழுத்து, வெள்ளிக்கிழமை அரசாங்கப் பரிசோதனையில் தேற வேண்டும். தவறினால் அடுத்த தவணை ஒரு மாதம் கழித்து. கலியாணமும் போய், வேலையும் போய், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் கணவர் பழைய இரும்புக் கடையிலிருந்து, ஏதோ பெரிய வாகனத்தில் கழற்றிய கொளுக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சேர், பாரும். யானையையே கட்டி இழுக்கலாம்."

"கொளுக்கி இழுக்கும். எங்கட கார் இழுக்குமோ?" என்று கேட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நான் சின்யோராவின் குளியலறைத் தராசை இரவல் வாங்கி வந்து, கிடாரம், அகப்பை, அடுப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தேன். ட்ரெயிலரின் எடையையும் கூட்டிப் பார்த்தபோது, காரின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்த அளவுக்குள்தான் வந்தது. பிறகுதான் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருந்த மெக்கானிக்கிடம் போனோம். ஒவ்வொரு காருக்கும் அதற்கென்று அனுமதித்த கொளுக்கி உண்டு, அதன் தகட்டில் அடித்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார் அவர். நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது என் பெருந்தன்மை. எங்கள் காருக்கு அனுமதித்ததில், வேண்டாதபோது கழற்றி வைக்கிற கொளுக்கியும் அவரிடம் இருந்தது. கழற்றினால் எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேட வேண்டிவரும் என்பதால், நிரந்தரமாகப் பூட்டுவதையே எடுத்தேன்.

வயரில்தான் எனக்குக் கோபம் வந்தது. மெக்கானிக் பின் விளக்கு வயரைச் சீவி, புது வயரை முறுக்கி, டேப் சுற்றப் பார்த்தார். மழை பட்டால் அது எத்தனை நாளைக்கு? மின்சாரமே இல்லாத வருடங்களில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோவுக்கு வயர் பிடித்தவள் நான். ஈயம் வைத்து ஒட்ட வேண்டும் என்றேன். "அப்படியானால் நீங்களே ஒட்டுங்கள் சின்யோரா. சரியாக இருந்தால் வேலைச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சிரித்தபடி, ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மஞ்சள் இடப்பக்கச் சிக்னலுக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, சிவப்பு பிரேக்குக்கு. வெள்ளை எர்த், எல்லா விளக்கின் மின்சாரமும் அதன் வழியாகத்தான் திரும்பும் என்பதால் அதைத் தடிப்பானதாக எடுத்தேன். மற்ற மூன்றும் பின் விளக்குகளுக்கு. கொளுக்கிக்குப் பக்கத்தில் பூட்டிய சொக்கெட்டின் ஏழு துளைக்கும் ஏழு வயரும் ஒட்டி முடித்துச் சோதித்தபோது மெக்கானிக் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சமாதானத்துக்கு வந்துவிட்ட என் கணவர் காருக்குப் பூசை செய்தார். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சங்காய், கொளுக்கிக்குச் சந்தனப் பொட்டு. நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக் கொட்டகையில் பரிசோதகர் கொளுக்கியின் தகட்டு எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். ட்ரெயிலருக்குப் பதிலாகத் தன் சோதனை விளக்குப் பலகையின் வயரைக் கொண்டுவந்து எங்கள் சொக்கெட்டில் செருகி, இடப்பக்கச் சிக்னலைப் போடச் சொன்னார். என் கணவர் போட்டார். இடது விளக்கு மட்டும் மின்ன வேண்டிய இடத்தில் பிரேக், வலது, எல்லாம் சேர்ந்து மங்கலாக முழித்தன. பரிசோதகர் பேனாவை எடுத்தார்.

ஆனால் அந்த மங்கல் வெளிச்சம் எனக்குப் பழக்கமானது. எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் அப்படித்தான் எரியும். "ஒரு நிமிடம்" என்று இத்தாலியனில் கெஞ்சி, வயரைக் கழற்றிச் சொக்கெட்டின் மூடியைத் திறந்தேன். சந்தனம் கமகமத்தது. ஏழு துளையிலும் பொட்டு!

"ஒண்டுக்கு வைச்சிட்டு மற்றதுகளை எப்பிடி விடுறது?" என்றார் இவர் மெல்ல.

"சாமிக்கு வையுங்கோ! எர்த்துக்கு ஆரும் சந்தனம் வைப்பினமே?"

காப்பில் கொழுவியிருந்த ஊசியைக் கழற்றி, துளை துளையாகச் சுரண்டி, பலகை வயரின் முனைகளையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி செருகினேன். இடது மின்னியது. இடது மட்டும். வலது, பிரேக், பின் விளக்கு, ஒவ்வொன்றும் தன் முறைக்கு எரிந்தது.

பரிசோதகர் குனிந்து காருக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். "சுத்தமான வேலை. உங்கள் மெக்கானிக் கெட்டிக்காரன்" என்றார்.

"மெக்கானிக் இல்லை, என் மனைவி" என்றார் இவர், தன் உடைந்த இத்தாலியனில், அந்தக் கொட்டகை முழுக்கக் கேட்க. கெடுத்தார் காரியத்தை என்று பயந்துபோனேன். பரிசோதகர் என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சேலை கட்டியிருந்ததால் குதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ட்ரெயிலர் பகேரியாவுக்குப் போய் வந்தது. கிடாரத்தில் ஒரு பிடி சோறு மிஞ்சவில்லை. திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. எழும்பி முற்றத்தில் குந்தியிருந்து பாத்திரம் கழுவினேன். என்னுடைய பாத்திரம்.