வலி போகக் கூடாது என்றாள் என் மகள்

பிரியமானவர்களே, எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். தெருவிலும் சொல்வார்கள், சபையிலும் சொல்வார்கள். அந்த வாயால் என் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன், ஆண்டவர் அவளை எப்படி மீட்டுக் கொடுத்தார் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நான் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் பெட்ஷீட் துவைத்து மடிக்கிற வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் மோகன் கம்பெனி பஸ் டிரைவர். ஒரே மகள் கெசியா. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

போன மழைக்காலத்தில் மோகனுடைய பைக்கை லாரி தட்டிவிட்டது. தலையிலும் காலிலும் அடி. செங்கல்பட்டில் ஐசியூவில் போட்டார்கள். எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். வராந்தாவில் முழங்கால் போட்டேன். கெசியாவையும் இழுத்துப் பக்கத்தில் முழங்கால் போட வைத்தேன். சுற்றி ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன்: “ஆண்டவரே, அவர வுட்டுடும்! யாராச்சும் வேணும்னா என்ன எடுத்துக்கும்!”

மூன்றாம் நாள் அவர் கண் திறந்தார்.

அதற்கப்புறம் சபையில் சாட்சி நேரம் வந்தாலே எழுந்து நிற்பேன். ஒரு வாரம் இல்லை, பல வாரம் சொன்னேன். “என்ன எடுத்துக்கும்னு கேட்டேன், ஆண்டவர் என் ஜெபத்தக் கேட்டாரு!” என்கிற இடத்தில் குரலை உயர்த்துவேன். எல்லாரும் அல்லேலூயா என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. முன்வரிசைப் பாயில் கெசியா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை நான் கவனிக்கவே இல்லை.

பொங்கல் லீவு முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். நடிக்கிறாள் என்று நினைத்து அதட்டினேன். மறுநாளும் வலி. வேர்த்து ஊற்றும், வாந்தி எடுப்பாள். என் பஸ் வருகிற நேரத்துக்குச் சரியாக வரும். பூச்சி மருந்து கொடுத்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. பிள்ளை மட்டும் கரைந்துகொண்டே போனாள். ஸ்கூல் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

வேறு சிலதும் நடந்தன. என் செருப்பு காணாமல் போகும். தேடினால் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். ஞாயிறு மதியம் நான் அசந்து படுத்தால் என் மார்பில் காதை வைத்துக் கேட்பாள். ஒருநாள் சாதம் பிசைந்துகொண்டே, “எம்மா, செத்தா வலிக்குமா?” என்று கேட்டாள். பயத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை, சாப்பிடாமல் எழுந்து போனாள்.

சபைக்குக் கூட்டிப்போனேன். பாஸ்டர் ஐயா தலையில் கை வைத்து, “இந்த வலி போகட்டும்” என்று ஜெபிக்க ஆரம்பித்ததும் கெசியா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“வேணாம்! வலி போவக் கூடாது! வுட்டுடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஜெபக்குழு ரூத் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இன்னாடி இது? ஜெபம்னாலே எகிறுது. இது வவுத்து வலி இல்ல, வேற இன்னாவோ உள்ள கீது. மூணு நாள் உபவாசம் போடு, பிள்ளையும் சேர்த்து.”

நானும் போட்டேன். வலியில் கிடந்த குழந்தைக்குச் சோறு போடாமல் வெறும் தண்ணீர் கொடுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இரண்டாம் நாள் மத்தியானம் வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். மோகன் தாங்கித் தாங்கி நடந்து வந்து அவளைத் தூக்கினார்.

“போதும்டி ஒன் உபவாசம்! ஆட்டோவக் கூப்புடு!” அதுவரை அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

மறுபடியும் செங்கல்பட்டு. அதே வராந்தா. இந்த முறை எனக்குச் சத்தம் வரவில்லை. சுவரோரம் நின்று, “ஆண்டவரே, நான் பேசினது போதும். என் பிள்ளைக்கு என்னன்னு எனக்குக் காட்டும்” என்று மட்டும் கேட்டேன். இவ்வளவு சின்ன ஜெபம் நான் பண்ணியதே இல்லை.

அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, குழந்தைகள் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். “வயிறு நல்லாதாம்மா இருக்கு. ஆனா வலி நிஜம், இவ நடிக்கல. தாங்க முடியாத பயம் இருந்தா சின்னப் பிள்ளைங்களுக்கு அது இப்படி உடம்புல வரும். வாயத் தொறந்து சொல்லத் தெரியாது.” பிறகு கட்டிலில் உட்கார்ந்து அவளிடம் கேட்டார். “கண்ணு, இந்த வலி போயிட்டா என்னா ஆவும்?”

கெசியா என்னைப் பார்த்தாள்.

“அம்மாவ எடுத்துக்குவாரு.”

“யாரு?”

“ஆண்டவரு. அம்மாதான் அப்பாவுக்குப் பதிலா எடுத்துக்கச் சொல்லிச்சு. அப்பா வந்துட்டாரு இல்ல? அம்மா இன்னும் போவல. அதான் நான் கேட்டேன், எனக்கு வலி குடு, அம்மாவ வுட்டுடுன்னு. குடுத்துட்டாரு.”

ஐயோ என் தாயே! நான் மைக் பிடித்துச் சொன்ன ஒவ்வொரு வாரமும் என் பிள்ளை என் சாவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். செருப்பை ஒளித்தது நான் வெளியே போகக் கூடாதென்று. அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுதாலும் தெரிந்தது, சுவரோரம் நின்று நான் கேட்டதற்கு ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்டர் ஐயாவிடம் போய், நான் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் திகைத்தார். “அப்படி யாரும் பண்ணதில்லையேம்மா” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கைத் தருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கெசியாவைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னேன்: “என்ன எடுத்துக்கும்னு சொன்னது நான். ஆண்டவர் என்கிட்ட அதக் கேக்கவே இல்ல. பயத்துல நானா பேசின பேரம் அது. என் வூட்டுக்காரர சும்மா குடுத்தாரு, என்னையும் சும்மாதான் வெச்சிருக்காரு.” ரூத் அக்கா எழுந்து வந்து பிள்ளையிடம் மன்னிப்பு கேட்டார்.

கெசியா என் முந்தானையை இழுத்தாள். “அப்ப அவரு ஒத்துக்கவே இல்லியா?”

“இல்லடி செல்லம்.”

“என் வலியும் அவரு குடுக்கலியா?”

“இல்லவே இல்ல.”

வலி அன்றே நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அப்புறமும் சில காலைகளில் வந்தது. டாக்டரம்மா சொன்னபடி மருத்துவமனையில் குழந்தைகளோடு பேசுகிற ஒரு மேடத்திடம் கூட்டிப்போனோம். ஒருநாள் காலையில் என் செருப்பு வாசலிலேயே இருந்தது. என் பஸ் நகர்ந்தபோது அவள் ஸ்கூல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

பிரியமானவர்களே, நம்பி ஜெபம் பண்ணுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் பக்கத்தில் யார் முழங்கால் போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். அந்தக் காதுகளும் கேட்கின்றன.

நேற்று வானம் கறுத்தது. ஜெபத்தில் கெசியா எதையோ முணுமுணுத்தாள். என் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினேன். என்னடி கேட்டாய் என்றேன்.

“நாளிக்கு மழைக்கு லீவு வுடணும்னு.”

விட்டார்கள்.