ருசி போன சமையல்காரி

காய்ச்சல் விட்டது, போகும்போது அவள் நாக்கின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரி கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. இப்போது சூப் அவளுக்கு வெந்நீர், ரொட்டி வெறும் அட்டை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து, கைப்பழக்கத்தை நம்பிச் சமைத்தாள். ஒரு மதியம் நோயாளிகளின் கிண்ணங்கள் அப்படியே திரும்பி வந்தன. சூப்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது.

அவள் கணவர் பள்ளியில் லத்தீன் வாத்தியார். அன்று மாலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர், தெரிந்ததைச் சொன்னார்.

"லத்தீன்ல 'சப்பெரெ'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு."

"சப்புன்னு இருக்குங்கிறோமே, அந்த சப்பா?"

"நேர் எதிர். ருசி இருக்கிறது, ருசி தெரியறதுன்னு அர்த்தம். அதுவே புத்தியோட இருக்கிறதுன்னும் ஆச்சு. மனுஷ இனத்துக்கு வச்சிருக்கிற 'சேப்பியன்ஸ்'ங்கிற பேரும் அதுலேர்ந்துதான்."

"அப்போ எனக்குப் புத்தியும் போச்சுங்கறீங்க!"

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாத்தியார் திருதிருவென விழித்தபடி உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் அவளே வெளியே வந்தாள்.

"நாக்கோட வேலை எப்படிங்க புத்தியோட வேலையாச்சு?"

"எது என்னன்னு பிரிச்சுப் பார்க்கிறது ரெண்டுலயும் இருக்கே. அதனாலன்னு நினைக்கிறேன்."

"பிரிச்சுப் பார்க்கிறது" என்று அவள் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கும் முன், காய் நறுக்கும் அக்காவிடம் போனாள். அந்த அக்காவைக் கேன்டீனே 'வாயாடி' என்றுதான் கூப்பிடும்.

"அக்கா, காய்ச்சல்லேர்ந்து எனக்கு ருசியே தெரியல."

"அதான் அந்த சூப்பா! நீ யார் மேலயோ கோபத்தைக் காட்டறேன்னுல்ல நினைச்சேன்!" என்றவள், இவள் கண் கலங்குவதைப் பார்த்துச் சட்டென்று குரலைத் தணித்தாள். "கரண்டியைக் கொடு. நான் பார்த்துச் சொல்றேன்."

சொல்வது அத்தனை சுலபமாக இல்லை.

"ஏதோ குறையுது. என்னன்னு சொல்லத் தெரியல."

"உப்பா?"

"உப்பு சரியா இருக்கு. ஆனா மந்தமா இருக்கு, எடுப்பாவே இல்ல."

இவள் யோசித்து எலுமிச்சையைப் பிழிந்தாள். வாயாடி மறுபடி குடித்துப் பார்த்தாள். முதல் முறையாக வாயடைத்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்படியே மாதங்கள் ஓடின. மேலாளரிடமும் சொன்னாள், கிண்ணங்கள் காலியாக வருவதால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாயாடி ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். இவளுக்கு முதலில் கசப்பு திரும்பியது, பிறகு உப்பு. இனிப்பு மட்டும் முழுசாக வரவேயில்லை. காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். எனக்கு எதுக்கு, வீண்தானே என்பாள், சாதாரணமாக.