லூர்துவின் வலது கால்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் நானும் நண்பன் லூர்துவும் ஜோடி சேர்ந்தோம். எனக்குக் கித்தார், அவனுக்கு மாண்டலின். புதுச்சேரிக் கல்யாணங்களில் வாசித்தோம். தாளத்துக்கு ஆள் கிடையாது. லூர்து வலது காலால் தரையைத் தட்டுவான். நான் அந்தக் காலைப் பார்த்தே வாசிப்பேன்.

நாலு வருடம் கழித்து சென்னை ஸ்டுடியோ ஒன்றில் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மைக். மூன்று முறை வாசித்தோம். மூன்று முறையும் பாதியில் நிறுத்தினார்கள்.

"கால் சத்தம் விழுது. யாருது?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார்.

பழக்கதோஷம், என் கண் லூர்துவின் காலுக்குப் போய்விட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

லூர்து செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தான். வெறுங்காலும் மரத்தரையில் கேட்டது. காலை அடக்கினால் கை நின்றது.

"கித்தார் மட்டும் போதும்" என்றார் இசையமைப்பாளர்.

"நீ வாசிடா. நான் வெளிய நிக்கிறேன்" என்று லூர்து எழுந்து போனான். நான் ஏதாவது சொல்வதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் இருமக்கூடக் கூடாது. வாசித்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.

வெளியே அவன் இல்லை. "பாண்டி பஸ் எங்க நிக்கும்னு கேட்டுட்டுப் போனாரு" என்றார் வாசல் காவல்காரர். செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது.

எனக்கு ஸ்டுடியோ வேலை தொடர்ந்து கிடைக்கிறது. லூர்து என்னோடு வாசிப்பதில்லை. இப்போதெல்லாம் கித்தார் பெட்டியில் ஒரு பழைய கம்பளியை மடித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் காலடியில் அதை விரித்த பிறகுதான் சுருதி சேர்க்கிறேன். வாசிக்கும்போது குனிந்து பார்ப்பதே இல்லை.