அப்பா நுழையாத அறை

அப்பா தம் சர்வீஸில் எடுத்த தற்செயல் விடுப்புகளில் ஒரு நாள் என்னால் எடுக்கப்பட்டது. தற்செயல் விடுப்பு சேவைப் பதிவேட்டில் ஏறாது. தனி நோட்டில் குறிப்பார்கள். டிசம்பர் முடிந்ததும் அந்த நோட்டையும் மறந்துவிடுவார்கள். ஆகவே அந்த நாளுக்கு அரசாங்கத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. நானும் ஓர் அலுவலகத்தில் இருபத்தொரு வருடம் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவள். ஆதாரமில்லாத எதையும் அப்படியே விட்டுவைக்க மனம் வருவதில்லை. எழுதி வைக்கிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. ஸ்ரீராம்புரத்தில் இரண்டு அறை வீடு. அதில் அப்பா, அம்மா, அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி, நான், பிறந்து நாற்பது நாளான தம்பி. நான் வீட்டிலிருந்தால் தம்பி தூங்கமாட்டான் என்று அம்மா முடிவு செய்ததால், அப்பா என்னைத் தினமும் ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

அப்பா அங்கே சூப்பிரண்டெண்ட். வீட்டுமனைக்கு விண்ணப்பித்தவர்களின் மூப்புப் பட்டியலைப் பராமரிப்பது அந்தப் பிரிவின் வேலை. மனை கொடுப்பது வேறொரு பிரிவின் வேலை; அது எப்போதாவது நடக்கும். பட்டியல் பராமரிப்பு மட்டும் தினமும் நடந்தது.

அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆறு மாதத் தற்காலிக உத்தரவில் மூன்று பேரை எடுத்தார்கள். இரண்டு பையன்கள், மூன்றாவது எங்கள் சித்தி. உறவினர் ஒருவர் அதே அலுவலகத்தில் சேர்ந்தால் எழுதிக்கொடுக்க வேண்டிய படிவம் ஒன்று உண்டு. இருப்பதே பலருக்குத் தெரியாது. அப்பா அதை மூன்று பிரதிகளில் எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் "மாமா", ஆபீசில் "சார்". காலையில் "மாமா, சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா" என்று கேட்டவள், பத்தரை மணிக்கு அப்பாவை முன்பின் பார்த்திராதவள் போல வணக்கம் சொல்லுவாள். அப்பாவும் புதிதாக ஒருவரைச் சந்திக்கிற முகத்தோடு தலையசைப்பார்.

கம்ப்யூட்டர் அறை, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை. கண்ணாடிக் கதவு போட்டார்கள், ஏசி வைத்தார்கள். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று அதைக் கொண்டுவந்து வைத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனதால், காலணிகளை வெளியே விடவும் என்று கதவில் பலகை தொங்கியது. ப்யூன் அந்த விதியைக் கோயில் விதியாகவே எடுத்துக்கொண்டார். மெஷினின் நெற்றியில் குங்குமம் வைத்தவரும் அவர்தான். யார் வந்தாலும் கதவருகே எழுந்து நின்று, "சப்பலி பிட்டு பன்னி சார்" என்பார், செருப்பை விட்டுவிட்டு வாருங்கள் என்று கன்னடத்தில், மிகுந்த பணிவோடு.

அப்பா அந்த அறைக்குள் ஒரு நாளும் நுழையவில்லை. அவர் காலில் எப்போதும் கறுப்பு ஷூ, நாடா கட்டியது. கதவு வரை போவார், நிற்பார், திரும்பிவிடுவார். சூப்பிரண்டெண்ட் போகாத இடத்துக்குத் தாங்கள் போவது மரியாதையில்லை என்று பெரிய கிளார்க்குகள் இருவரும் வெளியிலேயே இருந்துவிட்டார்கள். மரியாதையில் சௌகரியமும் கொஞ்சம் கலந்திருந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பழைய பதிவேடுகளில் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் குறிகள் இருக்கும். புள்ளி என்றால் இரண்டாவது முறை விண்ணப்பித்தவர். கோடு என்றால் வழக்கு. சின்ன வட்டம் என்றால் காலமாகிவிட்டார். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. மூன்று பெரியவர்களின் தலைக்குள் இருந்தது. உள்ளே இருந்த மூவருக்கும் அது தெரியாது. முதல் பட்டியல் அச்சாகி வந்தபோது, ஒன்பது முனியப்பாக்கள் ஒரே முனியப்பாவாகச் சுருங்கியிருந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்துவிட்ட பல பேர் மூப்புப் பட்டியலிலும் மேலே வந்திருந்தார்கள்.

அப்பா சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார். உள்ளே திருத்துவார்கள். ஒன்று சரியாகும்போது இரண்டு கெடும். பட்டியல் ஒருமுறை போய்த் திரும்ப நான்கு நாள். அவசரமென்றால் அப்பா கண்ணாடிக்கு வெளியே பதிவேட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டுவார். ஆள் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். ஏசி சத்தத்தில் எதுவும் கேட்காது.

"உங்க சாருக்குத் தூக்கம் வருதாம்" என்று உள்ளே ஒரு பையன் சொல்ல, சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கீபோர்டைப் பார்ப்பாள்.

மேலிடம் சும்மா இருக்கவில்லை. மூத்த, இளைய ஊழியர்களிடையே கூட்டு மனப்பான்மையை வளர்ப்பது குறித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் பின்னால் ஒரு பயிற்சியாளர் வந்தார். எல்லோரையும் மைதானத்தில் வைத்து நாற்காலிப் போட்டி நடத்த விரும்பினார். நாற்காலிகள் இருப்புப் பதிவேட்டில் இருப்பவை, எழுத்துமூலம் அனுமதியில்லாமல் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அப்பா சொன்னார். பயிற்சியாளர் நாற்காலி இல்லாமலேயே நாற்காலிப் போட்டி நடத்தினார். இசை நின்றதும் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வெற்றி தோல்வி தெரியாமல் வடையும் காப்பியும் சாப்பிட்டுக் கலைந்தோம். மறுநாள் பெரியவர்கள் வெளியேயும் சிறியவர்கள் உள்ளேயும் இருந்தார்கள்.

பிறகு உத்தரவு வந்தது. வியாழக்கிழமை கமிட்டி கூடும். பட்டியல் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு, தற்காலிக ஊழியர் மூவரையும் அன்றோடு விடுவித்துவிடுவார்கள்.

சித்திக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எனக்கே தெரியும். வேலை போனால் ஆம்பூரிலிருந்து வந்திருந்த வரனுக்குச் சரி சொல்லியாக வேண்டும் என்று தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, சொல்லியிருந்தார். அந்த வரனை சித்தி ஒரே ஒருமுறை பார்த்திருந்தாள். மறுமுறை பார்க்கும் விருப்பம் அவளுக்கு இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் சித்தி அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"பக்கத்துல உக்காந்து சொன்னா ரெண்டே நாள் வேலை அக்கா அது. மாமா வரமாட்டேங்கறாரே. ஷூவக் கழட்டறதுக்கு அவ்ளோ கஷ்டமா?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஷூவில் நாடா இருக்கிறது, நாடாவை அவிழ்க்க நேரமாகிறது, அப்பாவுக்கு நேரமில்லை. அப்பா செருப்புப் போட்டுக்கொண்டு போனால் உதறிவிட்டு உள்ளே போய்விடலாம். இவ்வளவு எளிய தீர்வு பெரியவர்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கம்கூட வந்தது. வாசற்படியிலிருந்த ஷூவை எடுத்துப் பழைய பேப்பர் மூட்டைக்குள் செருகிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அப்பா தேடினார். அம்மா தேடினாள். எதிர்வீட்டுக்காரர் வந்து, போன மாதம் தன் செருப்பும் இதே மாதிரிதான் போயிற்று என்றார். பக்கத்து வீட்டம்மா, இப்போதெல்லாம் வாசலில் எதையுமே விடமுடியவில்லை என்றாள். கால் மணி நேரத்தில் எங்கள் சந்தில் திருடுபோன காலணிகளின் வரலாறு முழுவதும் பேசப்பட்டுவிட்டது.

"செருப்புப் போட்டுட்டுப் போங்கப்பா" என்றேன்.

அப்பா செருப்பைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, குடும்பச் சூழ்நிலை காரணமாக ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டும் என்று எழுதி, மடித்து, சித்தியிடம் நீட்டினார்.

"இன்னிக்குக் கமிட்டி, மாமா."

"தெரியும்மா."

சித்தி அதை வாங்கிய வேகத்தில் தாள் கசங்கியது. அவள் அழுதுகொண்டே பஸ் ஏறியதை நான் பார்த்தேன். என் தீர்வில் எங்கோ பிசகு நேர்ந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. மூட்டைக்குள்ளிருந்து ஷூவை எடுக்கப் பயமாக இருந்தது.

அன்று அப்பா வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கேஸ் அடுப்பு ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். தம்பியைத் தூளியில் ஆட்டினார். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனார்.

சித்தி திரும்பிவந்து பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கமிட்டி கூடவில்லையாம். சூப்பிரண்டெண்ட் இல்லாமல் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய தலைக்கணக்கு, சேராது என்று யாரோ விதியைக் காட்ட, கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டார்கள். அன்று கூடியிருந்தால், அந்தப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் மூன்று பேரையும் அனுப்பியிருப்பார்கள். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. சித்திக்கு அன்று உறைத்தாலும் கோபம் தணியவில்லை.

"ஷூ இல்லன்னா ஆபீசே கெடையாதா? என்னா கெத்து அக்கா இவருக்கு. கோயிலுக்குப் போறப்ப கழட்டறாரு இல்ல?"

அம்மா தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "கோயில் வேற, ஆபீஸ் வேற. அவங்கப்பா தெரு பெருக்கினவருடீ. நம்ம அப்பா மாதிரி மில்லுல இல்ல. தெனம் காலைல ஆபீசுக்கு ஹாஜர் போடப் போவணும். கேட்டுக்கு வெளியவே செருப்ப விட்டுட்டு, வெறுங்கால்ல உள்ள போயி, ஜன்னலுக்குக் கீழ மண்ணுல நிக்கணும். உள்ள உக்காந்திருக்கறவன் செருப்போடதான் உக்காந்திருப்பான். இவரும் எட்டு வயசுல ஒரு நாள் அவங்கப்பாகூடப் போயிருக்காரு. இவரு செருப்பையும் கழட்டச் சொல்லிட்டாரு. யாரு? அவங்கப்பாவேதான். கழட்டுறா, யாராவது பாக்கப்போறாங்கன்னு."

அம்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"வேலைக்கு ஆர்டர் வந்த அன்னிக்கு மொதல்ல வாங்கினதே ஷூதான். எந்த ஆபீஸ் வாசல்லயும் கழட்டமாட்டேன்னு அவங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போனவரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்லுவாரு? நீ அவரு ஸ்டாஃபு."

நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

சித்தி எழுந்து அம்மாவின் பழைய நீல உள்பாவாடைகள் இரண்டை எடுத்துவந்து, தையல் மெஷினின் மூடியைக் கழற்றினாள். "அளவுக்கு மாமா ஷூ வேணுமே, அதுதான் போயிடுச்சே" என்றாள். நான் உடனே பேப்பர் மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அளவுக்கு வேண்டும் என்ற பிறகு எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

காய்கறியோடு வந்த அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நாடா அவிழ்க்க நேரமாவதால் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேல் நடவடிக்கை எதுவும் இல்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் அறை வாசலில் பலகையைக் காணோம். ஒரு ஸ்டூலின்மேல் ஏழு ஜோடி நீலத் துணி உறைகள், கணுக்காலில் கட்ட நாடா வைத்தவை. செருப்போ ஷூவோ, போட்டபடியே அதன்மேல் உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். ப்யூனுக்கும் ஒரு ஜோடி. இந்த மாற்றத்துக்குக் குறிப்பு எழுதப்படவில்லை, ஒப்புதல் பெறப்படவில்லை, கோப்பே கிடையாது. அரசாங்க ஊழியர்கள் ஏழு பேர் என் அம்மாவின் உள்பாவாடையைக் காலில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தார்கள் என்பது எந்த ஆய்வறிக்கையிலும் வராது.

ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் இரண்டு நாற்காலி போட்டார்கள். பெரியவர் படிப்பார், சிறியவர் அடிப்பார். "இந்த முனியப்பா யாரு சார்?" "இவரு பால்காரரு. அதுக்கடுத்தவரு பஸ் டிரைவர். ரெண்டு பேருக்கும் ஆகாது, தள்ளித் தள்ளிப் போடு." பையன்கள் சிரித்தார்கள். பென்சில் குறிகளுக்கென்று சித்தி தனியாக ஒரு பத்தி போட்டாள். பெரிய கிளார்க்கில் ஒருவர் இரண்டு விரலால் தட்டப் பழகி, முதல் காரியமாகத் தம் பெயரை அடித்து அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த வியாழக்கிழமை ஒன்பது முனியப்பாக்களும் உயிரோடு தனித்தனியாக இருந்தார்கள். கமிட்டி கையெழுத்துப் போட்டது. மூவருக்கும் உத்தரவு நீட்டிக்கப்பட்டது. ஆம்பூருக்கு அம்மா ஒரு கடிதம் எழுதினாள்.

அந்த முதல் நாள் காலையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பையன்களும் கிளார்க்குகளும் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போயாயிற்று. சித்தியும் தன் செருப்பின்மேல் உறையை மாட்டி நாடாவை இறுக்கினாள். பிறகு, ஆபீஸ் என்பதை மறந்து, "வாங்க மாமா" என்றாள். அப்பா திருத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலுக்கு உறையைக் கட்டினார். மெதுவாகத்தான் கட்டினார். ஷூவைக் கழற்றியிருந்தால் அதற்குள் இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கலாம்.

முந்தின நாள் அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பாவழித் தாத்தா தினமும் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சந்தில் எல்லோரும் பேசியதும் நினைவிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். யாரோ தாத்தாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதிலிருந்து அப்பாவுக்குப் பயம்.

நான் கிட்டே போய், யாருக்கும் கேட்காதபடி சொன்னேன். "கழட்டி வெச்சிட்டே போங்கப்பா. நான் இங்கயே உக்காந்து பாத்துக்கறேன். யாரும் எடுக்கமாட்டாங்க."

அப்பா அடுத்த காலின் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். என் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

"நீ பாத்துக்குவேன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். எழுந்து ஷூவோடு உள்ளே போனார்.

தெரியும் என்று சொல்லிவிட்டும் என்னை நம்பாமல் போகிறாரே என்று எனக்குக் கோபம். மத்தியானம் வரை அவரோடு பேசவில்லை.